தெரியாத எண்ணிடம் குலதெய்வத்தைச் சொல்லாதே

இணைய மோசடியில் ஏமாந்தவர்களைப் பார்த்துச் சிரிப்பவர்களில் இரண்டு வகை உண்டு. இனிமேல் ஏமாறப் போகிறவர்கள் ஒரு வகை. ஏமாறவே கூடாது என்று கங்கணம் கட்டிக்கொண்டு நல்லவர்களைக் கடித்து வைப்பவர்கள் இன்னொரு வகை. நான் இரண்டாவது வகை. முதல் வகையினர் போலீசுக்குப் போய்ப் புகார் கொடுக்கலாம். எங்களைப் பற்றி மற்றவர்கள்தான் புகார் கொடுக்க வேண்டும்.

அப்போது எனக்குக் கல்யாணம் ஆகவில்லை. பாப்பிரெட்டிப்பட்டிக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். தினமும் பஸ் ஏறிப் பொம்மிடிக்குப் போய், அங்கே ஒரு தனியார் பள்ளியில் கம்ப்யூட்டர் டீச்சராக இருந்தேன். (கம்ப்யூட்டர் நாலு, அதில் ஓடுவது இரண்டு. இருந்தாலும் டீச்சர் டீச்சர்தான்.) ஒரு நாள் தருமபுரியில் ஆசிரியர்களுக்கு இணையப் பாதுகாப்புப் பயிற்சி என்று கூப்பிட்டார்கள். அரை நாள் வகுப்பு, ஒரு டீ, இரண்டு பிஸ்கட், கழுத்தில் மாட்டிக்கொள்ள ஓர் அட்டை. காலையில் வெறும் கோமதியாகப் போனவள் மத்தியானம் சைபர் அதிகாரியாகத் திரும்பி வந்தேன். அந்த அட்டையை வீட்டுக்கு வந்த பிறகும் கழற்றவில்லை.

பயிற்சி கொடுத்தவர் சொன்னது எல்லாம் எனக்கு மனப்பாடம். மோசடிக்காரர்கள் நல்ல சேதி என்றுதான் ஆரம்பிப்பார்கள். அவசரப்படுத்துவார்கள். யாரிடமும் சொல்லாதே என்பார்கள். பிறந்த தேதி, குடும்ப விவரம் என்று நைசாகத் துருவுவார்கள். அப்படி யாராவது பேசினால் போனை வைத்துவிடுங்கள் என்றார். வைப்பதற்கு முன்னால் நாலு பொய்யைச் சொல்லி அவர்களைச் சுற்றலில் விட்டால் என்ன என்பது மட்டும் என் சொந்தச் சரக்கு.

எங்கள் வீட்டில் பாதுகாக்க வேண்டிய முதல் ஆள் அப்பா. மரவள்ளியும் தக்காளியும் போடுகிற மனிதர். அவருக்கு ஒரு மெயில் ஐடி வேண்டும் என்று நான்தான் உருவாக்கிக் கொடுத்திருந்தேன். அதற்கு வந்து குவியும் குப்பை மெயிலை அப்பா குப்பையாக நினைக்கவில்லை, கடிதமாக நினைத்தார். ஏதோ வெளிநாட்டில், சாகக் கிடக்கும் ஒரு பணக்கார அம்மாள் தன் சொத்தை எல்லாம் அப்பாவுக்கு எழுதி வைக்கப் போவதாக ஒரு மெயில் வந்தது. மொழிபெயர்த்துச் சொன்னேன். அப்பா கண் கலங்கிவிட்டார்.

"பாவம், ஒண்டிக்கட்ட போலருக்குது. சொத்து கித்து நமக்கு வேணாம் பாப்பா. ஒடம்பப் பாத்துக்கச் சொல்லி ஒரு வார்த்த பதில் போட்டுரு."

"அப்பா, அது பொய்ப்பா. அப்பிடி ஒரு அம்மாவே கெடையாது."

"மொகந்தெரியாத ஆளுகிட்ட எதுக்குப் பாப்பா ஒருத்தர் மெனக்கெட்டுப் பொய் சொல்லப் போறாங்க?"

இப்பேர்ப்பட்டவர் கையில் போன் இருப்பது தீப்பெட்டித் தொழிற்சாலையில் குழந்தையை விட்டதுபோல என்று முடிவு செய்து, வீட்டில் ஒரு சட்டம் போட்டேன். அப்பாவின் போனுக்குத் தெரியாத எண்ணிலிருந்து அழைப்பு வந்தால் நான்தான் எடுக்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை காலையில் போனை என்னிடம் சோதனைக்கு ஒப்படைத்துவிட்டுத்தான் அப்பா தோட்டத்துக்குப் போக வேண்டும்.

இந்தச் சமயத்தில் நல்லம்பள்ளியில் இருக்கும் என் பெரியம்மா ஒரு ஜாதகமும் போட்டோவும் கொண்டு வந்தாள். பையன் பெயர் பிரபு. ஓசூரில் ஒரு கம்பெனியில் வேலை. சொந்த ஊர் பொம்மிடி போகும் வழியில் ஒரு கிராமம். அதுவரை எனக்கு வந்த போட்டோக்களில் எல்லாம் மாப்பிள்ளைகள் யாருடைய காரிலோ சாய்ந்துகொண்டு கூலிங் கிளாஸ் போட்டிருந்தார்கள். இவன் (அப்போது 'இவன்'தான்) வேட்டி நழுவிவிடுமோ என்று ஒரு கையால் பிடித்துக்கொண்டு, சிரிக்கலாமா வேண்டாமா என்று போட்டோக்காரரைக் கேட்பதுபோல நின்றிருந்தான். எனக்குப் பிடித்துவிட்டது. "பரவால்ல" என்றேன். (எங்கள் பக்கத்தில் பெண் பிள்ளை 'பரவால்ல' என்றால் பத்திரிகை அடிக்கக் கொடுக்கலாம் என்று அர்த்தம்.) யாருக்கும் தெரியாமல் அந்தப் போட்டோவை என் போனில் ஒரு படம் எடுத்து வைத்துக்கொண்டு, பஸ்ஸில் போகும்போது பார்த்துக்கொண்டே போவேன்.

மாப்பிள்ளையின் அம்மாவே போன் செய்து விசாரிப்பார் என்று பெரியம்மா அப்பாவிடம் சொல்லிவிட்டுப் போயிருக்கிறாள். அப்பா அன்று மாலை எங்களிடம் தக்காளி விலையைச் சொன்னார், மழை வருமா என்பதைச் சொன்னார். இதை மட்டும் மறந்துவிட்டார்.

எங்கள் பக்கத்தில் எடுத்த எடுப்பில் யாரும் பெண் கேட்டுவிட மாட்டார்கள். முதலில் குலதெய்வம் ஒன்றா என்று பார்க்க வேண்டும். இரண்டு வீட்டுக்கும் ஒரே தெய்வம் என்றால் பங்காளி. பங்காளி என்றால் பையனும் பெண்ணும் அண்ணன் தங்கை முறை. பேச்சு அத்தோடு சரி. பெயரைச் சொல்லி வெளிப்படையாகக் கேட்டுவிட்டுப் பிறகு பொருந்தாமல் போனால் இரண்டு பக்கமும் மனக்கஷ்டம். அதனால் யார் என்று சொல்லிக்கொள்ளாமல் நாலு விவரத்தைக் கேட்டுப் பார்ப்பதுதான் மரியாதை. இது எனக்குத் தெரியாதா என்றால், தெரியும். பயிற்சிக்குப் போகும்வரை தெரிந்திருந்தது.

ஞாயிற்றுக்கிழமை. அப்பா தோட்டத்தில். அவர் போன் என் கையில். தெரியாத எண் ஒன்று அடித்தது.

"வணக்கங்க" என்றது ஒரு பெண் குரல், வெல்லப்பாகாக. "நான் யாருன்னு அப்பறமா சொல்றேனுங்க. ஒரு நல்ல சேதியாப் பேசறேன்."

நல்ல சேதி! நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

"ரெண்டு விவரம் கேட்டுக்கிட்டா ஒத்து வருதான்னு பாத்துக்கலாங்க. இன்னிக்கு நாள் நல்லாருக்குது, பொழுது சாயறதுக்குள்ள தெரிஞ்சாத் தேவல. அதுவரைக்கும் வெளிய யாருக்கும் சொல்ல வேணாங்க, கண்ணு பட்டுரும்."

பயிற்சியில் சொன்ன ஒன்றைக்கூட விடவில்லை. அந்தம்மாளே பக்கத்தில் உட்கார்ந்து அதே பிஸ்கட்டைத் தின்று படித்ததுபோல வரிசையாக வருகிறது. அடுப்படியிலிருந்து அம்மா, "யாருடி போன்ல?" என்றாள். நான் போனைக் கையால் மூடிக்கொண்டு "திருடி" என்றேன். அம்மா பயந்துபோய்ப் பால் பாத்திரத்தை மூடி வைத்தாள்.

"நீங்க பாப்பாவோட அம்மாங்களா?"

வீட்டில் பெண் இருப்பது வரை விவரம் கசிந்திருக்கிறது! குரலைத் தடிமனாக்கிக்கொண்டு "ஆமாங்க" என்றேன்.

"பாப்பா பொறந்த தேதியும் நேரமும் சொல்ல முடியுங்களா?"

"தேதியெல்லாம் ஞாபகமில்லீங்க. நட்சத்திரம் ஆயில்யம்."

அன்றைய நாட்காட்டித் தாளில் ஆயில்யம் என்று போட்டிருந்தது, கண்ணில் பட்டதைச் சொன்னேன். (ஆயில்யத்தில் பிறந்த மருமகள் மாமியாருக்கு ஆகாது என்று ஒரு நம்பிக்கை உண்டு. மாமியாராக வரப் போகிறவரிடமே அதை நேரடியாகச் சொன்ன பெருமை தருமபுரி மாவட்டத்தில் எனக்கு மட்டும்தான் இருக்கும்.)

"பரவால்லீங்க, அதெல்லாம் இப்ப யாரு பாக்கறாங்க" என்றது குரல். சுருதி லேசாக இறங்கியிருந்தது. "கூடப் பொறந்தவங்க எத்தன பேருங்க?"

"எட்டுப் பேருங்க."

"எட்டுங்களா?"

"ஒம்பதாவது வயித்துல இருக்குதுங்க."

"நல்லாருக்கட்டுங்க" என்றார் அந்தம்மாள் ஈனசுரத்தில். பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டு அந்தக் கேள்வியைக் கேட்டார். "ஒங்க கொலதெய்வம் எதுங்க?"

என் மெயிலின் பாஸ்வேர்டே எங்கள் குலதெய்வம் பெரியாண்டிச்சியின் பெயர்தான். (என்னை மட்டும் சொல்லாதீர்கள். எங்கள் ஊரில் பாதிப் பேருக்குப் பாஸ்வேர்டு குலதெய்வம்தான். மறக்கவும் மறக்காது, சாமியும் காவல் இருக்கும்.) அடி பாவி, கடைசியில் கஜானா சாவிக்கே கையை நீட்டிவிட்டாளே என்று பதறி, பள்ளிக்குப் போகும்போது பஸ் ஜன்னலில் தினமும் பார்க்கும் ஒரு கோயிலைச் சொன்னேன்.

"ஒத்தப்பன முனியப்பன்."

"எந்த ஒத்தப்பனைங்க? பொம்மிடி ரோட்டுல, பெரிய மண்குதிர நிக்குமே, அதுங்களா?"

"அதேதாங்க. தலமொற தலமொறயா அங்கதான் பொங்கல் வெக்கறோம்."

"அட சாமி." குரல் அப்படியே வாடிப்போயிற்று. "அப்ப நாம ஒரே வூட்டு ஆளுங்களாப் போயிட்டமே! செரி, ஒறவு விட்டுப் போயிருமா? நான் யாருன்னு சொல்றேங்க…"

உறவு கொண்டாட ஆரம்பித்துவிட்டாள், அடுத்தது ஓ.டி.பி.தான் என்று எனக்கு ரத்தம் கொதித்தது.

"போதும் நிறுத்துங்க! ஒங்க நம்பர் சைபர் கிரைமுக்குப் போயாச்சு. (போகவில்லை.) எங்க உக்காந்து பேசறீங்கன்னு டவர் வெச்சுக் கண்டுபுடிச்சாச்சு. (அதெல்லாம் எனக்குத் தெரியாது.) பெரிய மனுசியாட்டம் பேசிக்கிட்டு ஊரத் திருடறீங்களே, சோத்துல உப்பு போட்டுத்தான் திங்கறீங்களா?"

"என்னாம்மா இப்பிடிப்…" என்பதோடு போனை வைத்து, எண்ணை பிளாக் செய்தேன்.

அத்தோடு விட்டிருக்கலாம். சமூகப் பொறுப்பு விடவில்லை. எங்கள் சொந்தக்காரர்கள் வாட்சப் குழுவில் அந்த எண்ணைப் போட்டு எழுதினேன்: "எச்சரிக்கை! இந்த எண்ணிலிருந்து ஒரு பெண் இனிமையாகப் பேசி, குலதெய்வம் கேட்டு மோசடி செய்கிறாள். எடுக்க வேண்டாம். அனைவருக்கும் பகிரவும். இப்படிக்கு, கோமதி, கம்ப்யூட்டர் டீச்சர்." கும்பிடு கைகளும் கட்டை விரல்களுமாக வந்து குவிந்தன. மாமா ஒருவர், "இந்தப் பொம்பள எனக்கும் பண்ணுச்சு, நான் லேசுல மாட்டுவனா?" என்று எழுதினார். அவர் போனுக்கு அவர் மனைவியைத் தவிர யாரும் கூப்பிடுவதில்லை.

மத்தியானம் நன்றாகத் தூங்கினேன். சாயங்காலம் பெரியம்மா நல்லம்பள்ளியிலிருந்து இரண்டு பஸ் மாறி வந்து இறங்கினாள். தண்ணீர்கூட வாங்கிக் குடிக்கவில்லை.

"ஏன்டி, மாப்பிளயோட அம்மா நம்பர எதுக்குடி குரூப்புல போட்டு நாறடிச்ச?"

அப்பா தலையில் கை வைத்தார். "அடடா, அந்தம்மா போன் பண்ணுவாங்கன்னு நீ சொன்னியே. மறந்தே போயிட்டேன்."

என் எச்சரிக்கை மாப்பிள்ளையின் ஊர்ப் பால் சொசைட்டிக் குழு வரைக்கும் போய்ச் சேர்ந்திருந்ததாம். அந்தம்மாள் கூப்பிட்டால் அவர் பால் ஊற்றுகிற வீடுகளில்கூட எடுப்பதில்லையாம். "இனிமே ஒண்ணும் பேசறதுக்கில்லன்னுட்டாங்க" என்றாள் பெரியம்மா. "பங்காளி வூடாம். பொண்ணு ஆயில்யமாம். கூடப் பொறந்தது எட்டாம். அதுக்கு மேல இவங்கம்மா மாசமா வேற இருக்காளாம்."

"நானா?" என்று அம்மா அடுப்படியிலிருந்து கரண்டியோடு வெளியே வந்தாள்.

இப்போது சிரிப்பாக எழுதுகிறேன். அன்றைக்கு எனக்குச் சிரிப்பு வரவில்லை. மாட்டுக்கொட்டகைக்குப் பின்னால் போய் உட்கார்ந்து அழுதேன். போனில் அந்தப் போட்டோவை எடுத்துப் பார்த்தேன். வேட்டியைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றிருந்தான். அவனைத்தான் கட்ட வேண்டும் என்று எனக்கு எவ்வளவு ஆசை இருந்தது என்பது அதை நானே கெடுத்துக்கொண்ட பிறகுதான் தெரிந்தது. அட்டையைக் கழற்றி எருக்குழியில் எறிந்தேன்.

"நாளைக்கே போய் மன்னிப்புக் கேட்டுட்டு வந்துரலாம்" என்றார் அப்பா.

"பொண்ணு வூட்டுக்காரங்க மொதல்ல போய் நிக்கறது நல்லாருக்குமா?" என்றாள் பெரியம்மா.

"பொண்ணு வூடாவா போறோம்? பங்காளி வூடாத்தான போறோம்."

மறுநாள் நான், அப்பா, பெரியம்மா மூவரும் போனோம். பெண் பார்க்க வருவதற்காக லீவு போட்டு வந்திருந்த பிரபு வாசலிலேயே நின்றிருந்தான். போட்டோவைவிட நன்றாக இருந்தான். எங்களைப் பார்த்ததும் முகம் மலர்ந்து, "வாங்க சித்தப்பா" என்றான் அப்பாவிடம். பிறகு என் பக்கம் திரும்பினான்.

"வா தங்கச்சி."

பூமி பிளந்து உள்ளே போவது என்பார்களே, அதற்கு எங்கே விண்ணப்பம் போடுவது என்று யோசித்துக்கொண்டு நின்றேன்.

அவன் அம்மா திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. காபி கொடுத்து, "பங்காளிங்க மொத மொதலா வந்திருக்கீங்க, சாப்புட்டுத்தான் போவணும்" என்று உபசரித்தார். எங்கள் அம்மாவின் உடம்பு எப்படி இருக்கிறது, எத்தனையாவது மாசம் என்று அக்கறையாக விசாரித்தார். அப்பா தரையைப் பார்த்துக்கொண்டு உள்ளதை எல்லாம் சொன்னார். ஒரே பெண், ரோகிணி நட்சத்திரம், குலதெய்வம் பெரியாண்டிச்சி. ஜாதகத்தையும் எடுத்து வைத்தார். ஜாதகத்தை அந்தம்மாள் ஒப்புக்கொண்டார். குலதெய்வத்தை ஒப்புக்கொள்ளவில்லை.

"நேத்து ஒண்ணு சொன்னீங்க, இன்னிக்கு ஒண்ணு சொல்றீங்க. அண்ணந் தங்கச்சியக் கட்டி வெச்ச பாவம் எங்களுக்கு வேணாங்க. எத நம்பறது?"

"ஊருக்குள்ள நாலு பேர விசாரிச்சுப் பாருங்களேன்" என்றாள் பெரியம்மா.

"எப்பிடி விசாரிக்கறது? என் போன எவன் எடுக்கறான்?" என்றார் அவர். அப்போதுதான் அவர் குரல் உடைந்தது. "எங்க வூட்டுக்காரரு போனதுக்கப்பறம் ஒத்தையா நின்னு மரியாதயாப் பொழச்சவ நான். நேத்திருந்து தெருவுல போனா ஒரு மாதிரி பாக்கறாங்க."

காலில் விழுந்துவிடலாமா என்று பார்த்தேன். பிறகு ஒன்று தோன்றியது. தயங்கித் தயங்கி, "கொலதெய்வத்துக்கு எங்கிட்ட ஆதாரம் இருக்குதுங்க" என்றேன். பிரபுவின் போனைக் கேட்டு வாங்கினேன். அதில் என் மெயில் ஐடியைப் போட்டேன். பாஸ்வேர்டு கேட்டது. தட்டினேன். எழுத்து தெரியாமல் புள்ளி புள்ளியாகத்தான் வரும், பக்கத்தில் இருக்கும் கண் அடையாளத்தைத் தொட்டால் எழுத்து தெரியும். தொட்டேன். "வாய்விட்டுப் படிங்க" என்று அவனிடமே நீட்டினேன்.

வேடிக்கை பார்க்கப் பக்கத்து வீட்டுப் பெண்கள் வேறு வந்து நின்றார்கள். அவன் எல்லோருக்கும் கேட்கும்படி படித்தான். "பெரியாண்டிச்சி, ஒன் டூ த்ரீ."

பட்டனை அழுத்தினேன். மெயில் திறந்துகொண்டது. அடுத்தவர் போனில் மெயிலைத் திறக்காதே, பாஸ்வேர்டை யாரிடமும் சொல்லாதே, இரண்டு அடுக்குப் பூட்டுப் போடு என்று பிள்ளைகளுக்குத் தொண்டை வற்றச் சொல்லிக் கொடுத்தவள், அத்தனையையும் ஒரு தெருவுக்கு முன்னால் மீறிவிட்டு நின்றேன்.

"எத்தன நாளா இந்தப் பேரு?" என்று அந்தம்மாள் கேட்டார்.

"காலேஜ் படிக்கறப்ப இருந்துங்க."

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "போன் பூட்டுக்குக்கூடச் சாமியக் காவலுக்கு வெச்சிருக்கா பாருடா" என்றார் மகனிடம். "வாயி கொஞ்சம் நீளம். ஆனா வூட்டுக்கு இப்பிடி ஒருத்தி இருந்தா ஒரு திருடனும் வர மாட்டான்."

பிரபு போனிலிருந்து என் மெயிலை மூடி, மூடியதை என்னிடம் காட்டினான். "பாஸ்வேர்ட இன்னிக்கே மாத்திருங்க. தெருவே கேட்டிருச்சு" என்றான். தங்கச்சி என்று சொல்லவில்லை. அந்த இரண்டு நாளில் நான் அழுத இரண்டாவது அழுகை அதுதான்.

அடுத்து வந்த முகூர்த்தத்திலேயே கல்யாணம் நடந்தது. கல்யாணத்துக்கு முன்னால் நான் செய்த முதல் வேலை, அப்பா போனில் அந்த எண்ணின் பிளாக்கை எடுத்துவிட்டு, குழுவில் மறுப்புப் போட்டது. "அந்த எண் மோசடி எண் அல்ல, மரியாதைக்குரியவருடைய எண்" என்று விளக்கமாக எழுதினேன். அதை ஒருவரும் பகிரவில்லை. மோசடிச் செய்திக்கு நூறு கால், மன்னிப்புக்கு ஒரு கால்கூட இல்லை. அந்த எச்சரிக்கை இன்னும் ஊர் ஊராகச் சுற்றிக்கொண்டிருக்கிறது. போகும் வழியில் சதையும் போட்டுவிட்டது. அத்தை இப்போது ஒரு வடநாட்டுக் கும்பலின் தலைவி. விசேஷ வீடுகளில் யாராவது புதிதாக அறிமுகமானால் அத்தையே முந்திக்கொண்டு, "நான்தாங்க அந்தக் கொலதெய்வத் திருடி. இவதான் என்னப் புடிச்சுக் குடுத்தா" என்று என்னையும் சேர்த்துக் காட்டுகிறார். என் வீட்டுக்காரர் எனக்குக் கோபம் வரும் நாட்களில் மட்டும் "செரி தங்கச்சி" என்பார். அதற்கு அத்தையிடம் நன்றாக வாங்கிக் கட்டிக்கொள்வார்.

அப்பா இப்போது ரொம்ப ஜாக்கிரதை. யாரையும் நம்புவதில்லை, எல்லாம் என் வளர்ப்பு. போன வாரம் நானும் அத்தையும் புளி தட்டிக்கொண்டிருந்தபோது அவரிடமிருந்து ஒரு செய்தி வந்தது. பலமுறை பகிரப்பட்டது என்ற அடையாளத்தோடு அதே எச்சரிக்கை, அதே எண். கூடவே அவர் குரலில் ஒரு பதிவு. கையெல்லாம் புளியாக இருந்ததால் சுண்டுவிரலால் தொட்டேன், சத்தமாகவே பேசியது.

"பாப்பா, இந்த நம்பர்ல ஒரு பொம்பள நைச்சியமாப் பேசி ஏமாத்துதாம். ஒங்க மாமியாகிட்டயும் சொல்லி வெய்யி. பாவம், சூதுவாது தெரியாத மனுசி."

அத்தை புளியங்கொட்டையைக் கீழே போட்டுவிட்டு, கண்ணில் நீர் வரச் சிரித்தார். "ஜாக்கிரதையா இருந்துக்கறேன்னு நானே சம்பந்திகிட்டச் சொல்லிர்றேன்" என்று தன் போனை எடுத்து அழைத்தார். போகவில்லை. திரும்ப அழைத்தார். அப்போதும் போகவில்லை.

அப்பா அந்த எண்ணை அதற்குள் பிளாக் செய்திருந்தார்.